சேற்றுக்காரன் என்று நாம் கூப்பிட்ட மனிதர்

பாபு,

நீ கேட்ட புத்தகம் கிடைத்துவிட்டது. பரண்மேல் தகரப் பெட்டியில், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில், அட்டையும் முதல் நான்கு பக்கங்களும் இல்லாமல் கிடந்தது. போன மாதம் நீ போனில், "நைனா, சின்ன வயசுல எனக்குப் படிச்சுக் காட்டுவியே, அந்தக் கப்பல் கதை, அது இன்னும் இருக்குதா? உன் பேத்தி யாழினிக்கு எட்டு வயசாச்சி. இந்த லீவுல அவளுக்குப் படிச்சுக் காட்டலாம்னு இருக்கேன்" என்று கேட்டாய். "இருக்குது, அனுப்புறேன்" என்று நானும் சட்டென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஓசூரிலிருந்து நீ இரண்டு முறை ஞாபகப்படுத்தினாய். நான் மழை என்றேன், தபாலாபீஸ் பூட்டியிருந்தது என்றேன். இரண்டுமே பொய். அனுப்புவதற்கு முன்னால் நானும் ஒரு முறை படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். படித்து முடித்த நாளிலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உறையை ஒட்டாமல் புத்தகத்துக்குள்ளேயே வைக்கிறேன். உன் மனைவி படிக்கட்டும். வழியில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இது இனிமேல் மறைத்து வைக்க வேண்டிய விஷயம் இல்லை.

நம் குப்பத்தில் எனக்குப் படிப்பாளி என்று ஒரு பெயர் இருந்தது உனக்குத் தெரியும். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் ஏரியில் வேலை இல்லாத நாட்களில் பழவேற்காட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கப்பல் கதையைப் பாரிமுனையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கினேன். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எங்கோ ஒரு வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது, யாரோ தமிழில் சுருக்கிப் போட்டது. எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. நீ மூன்றாம் வகுப்பு முடித்த வருடம், ஐப்பசி மழையில் இரண்டு வாரம் படகு இறக்க முடியாமல் வீட்டில் கிடந்தோமே, அப்போது உனக்குப் படித்துக் காட்டினேன். நீ என் முழங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்பாய். புயல் வரும் இடத்தில் நான் குரலை ஏற்றுவேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "ஊர எழுப்பாத, கொஞ்சம் மெதுவா படி" என்பாள். என் ஆயுளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இரண்டு வாரம் அது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது. வலைக் கொட்டகையில் உட்கார்ந்து நான்கு மத்தியானங்களில் படித்து முடித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் புயல் அத்தியாயம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. பாய்மரம் முறிகிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுதியவருக்குக் கடல் தெரியும். கயிற்றில் எந்த முடிச்சு எந்த நேரத்தில் நழுவும் என்பதுவரை தெரியும். புத்தகம் மட்டமாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நன்றாக இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

கதை உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். மூழ்கிப்போன தங்கத்தைத் தேடி ஒரு கேப்டன் கப்பலில் வருகிறான். தங்கம் ஓர் ஏரிக்குள் இருக்கிறது. கடலோடு ஒரு வாயால் மட்டும் சேர்ந்திருக்கிற, ஆழமில்லாத பெரிய ஏரி. கப்பல் உள்ளே போகாது, சின்னப் படகுகள்தான் போகும். வழி காட்ட அந்த ஊர் ஆள் ஒருவனைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் படகுக்கு முன்னால் சேற்றில் இறங்கி நடந்து, காலால் தடவிப் பார்த்தே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்கிறான். தமிழில் எழுதியவர் அவனுக்குச் சேற்றுக்காரன் என்று போட்டிருக்கிறார். புத்தகம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். கேப்டனின் நாய்க்குப் பெயர் உண்டு. துப்பாக்கிக்குப் பெயர் உண்டு. ஒரு மணல்திட்டைப் பார்த்ததும் கேப்டன் அதற்குத் தன் நாயின் பெயரையே வைக்கிறான். காலம் காலமாக அங்கே வலை காயவைத்த ஜனங்கள் அந்தத் திட்டை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று அவனும் கேட்கவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை. இத்தனை தடவை படித்த நானும் கேட்கவில்லை.

அந்த ஏரி ஜனங்களை எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? கறுத்த உடம்பு, மீன் வாடை, சேற்றிலேயே பிறந்து சேற்றிலேயே சாகிறவர்கள், இறாலையும் நண்டையும் பொறுக்கித் தின்கிறவர்கள், புயல் வந்தால் தண்ணீரைக் கண்டு அலறி ஓடுகிறவர்கள். பாபு, ஏரியில் வாழ்கிறவன் தண்ணீரைக் கண்டு ஓடுவானா? அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எழுதியவர் யாரைப் பார்த்து முகம் சுளிக்கிறாரோ அது நாம்தான். நம் ஏரிதான், நம் உடம்புதான், நம் சோறுதான். இருபது வயதில் அதைப் படித்தபோது ஒரு நொடிகூட எனக்கு அது தோன்றவில்லை. நான் கப்பல்மேல் கேப்டன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன்னையும் தூக்கி என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

இது முதல் வெட்கம். இதோடு நின்றிருந்தால் எழுதியவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். செத்துப்போனவரைத் திட்டுவது சுலபம். பதில் வராது.

பாதிக் கதையில், ஒரு காலையில் படகின் கயிறு அறுந்து கிடக்கிறது. படகு ஏரிக்குள் போய்விட்டது. சேற்றில் வெறுங்கால் தடம் தெரிகிறது. தடத்தைக் குனிந்து பார்த்த கேப்டன், இது வழிகாட்டியின் துரோகம் என்று எல்லோர் முன்னாலும் பெரிய பேச்சுப் பேசிவிட்டு அவனைச் சுட்டுவிடுகிறான். சுட்டது மூன்றே வரி. அடுத்த அத்தியாயத்தில் தங்கம் கிடைத்துவிடுகிறது. கடைசியில், கப்பல் திரும்பும்போது, ஒரு மாலுமி போகிற போக்கில் சொல்கிறான், அந்தக் கயிற்றை யாரும் அறுக்கவில்லை, சிப்பியில் உராய்ந்து தானாகத் தேய்ந்திருந்தது என்று. கேப்டன் அடடா என்கிறான். சாப்பாடு எடுத்துவரச் சொல்கிறான். இந்த வரி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எத்தனையோ முறை என் கண் அதன்மேல் போயிருக்கிறது. நின்றதே இல்லை. எழுதியவர் தெரிந்தே அதை அங்கே வைத்தாரா, இல்லை அவருக்கும் அது சும்மா ஒரு வரிதானா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அந்த வரியில் நான் மாட்டிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அல்லது நீ மறந்திருக்கலாம். மறந்திருந்தால், ஞாபகப்படுத்துவதற்கு என்னைப் பொறுத்துக்கொள்.

நம் குப்பத்துக்கு மேற்கே, கரையோரப் புறம்போக்கில், எட்டு இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று நமக்கு முறை இருக்கிறது, பாடு என்கிறோமே, அந்த முறையில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஓரமாகத் துழாவிக்கொண்டால் நாம் கண்டுகொள்ள மாட்டோம். அவ்வளவுதான். அவர்களில் என் வயது ஆள் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கன்னியப்பன். நான் கதை படித்துக் காட்டிய மழையில், நீ கரையில் அவரைப் பார்த்துவிட்டு, "நைனா, சேத்துக்காரன்!" என்று கத்தினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுநாள் அந்தப் பெயரை நானே நாலு பேரிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் குப்பம் முழுக்க அவர் சேற்றுக்காரன் ஆகிவிட்டார். அவர் சிரித்ததால் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்மிடம் வேறு என்ன செய்ய முடியும் அவரால், சிரிக்காமல்?

மழை விட்டு நமக்குப் பாடு வந்த முதல் நாள். முகத்துவாரத்துக்குப் போகிற கால்வாயில் கழி நட்டு வலை கட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், வலை இரண்டு இடத்தில் நீளமாக அறுபட்டுக் கிடக்கிறது. ஒரு இறால் இல்லை. பக்கத்துச் சேற்றுமேட்டில் வெறுங்கால் தடம், ஓடிவந்த தடம், விரல் அழுந்திய தடம். அந்த இடத்தில் நான் குனிந்து உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தைவிட, பாபு, எனக்கு ஒரு குஷி இருந்தது. கதை எனக்கே நடக்கிறது என்ற குஷி.

மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம். கன்னியப்பனைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார்கள். அவர் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு தூரத்தில் நின்றாள். தலைவர் கேட்டார், "தடம் உன்துதானாடா?"

"என்துதாங்க."

"வலைய அறுத்தது?"

"நான்தாங்க அறுத்தேன்."

"எதுக்குடா அறுத்த?"

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி எதையோ பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அறுக்க வேண்டி வந்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான். யாரோ அவர் கன்னத்தில் அறைந்தார்கள். அப்போதும் அதையேதான் சொன்னார்.

நான் எழுந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. கேப்டன் பேசிய பேச்சை, கப்பல் என்று வரும் இடத்தில் குப்பம் என்று மாற்றி, அப்படியே பேசினேன். நம்ப வைத்துக் கூடவே இருந்து கழுத்தை அறுப்பவனுக்கு இந்தத் தண்ணீரில் இடமில்லை என்றேன். கை தட்டினார்கள். "படிச்ச ஆளு, கரெக்டா சொல்றாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னதுகூடக் காதில் விழுந்தது. அந்த எட்டுக் குடும்பமும் இனி நம் கரையில் இறங்கக் கூடாது, குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. அவருடைய பறியைப் பிடுங்கி மிதித்து நசுக்கினார்கள். கோயில் மதில் ஓரமாக நீ நின்றதை நான் பார்த்தேன். அப்பா பேசுவதைக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல். உன் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். உச்சி வெயில் நேரம். நான் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய், "நைனா, வலைய அவுரு எனுக்கோசரம்தான் அறுத்தாரு."

உடைந்த கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையை எடுத்துக்கொண்டு நீ மணல்திட்டுக்குக் கேப்டனாகப் போயிருக்கிறாய். கால்வாயில் கட்டை புரண்டு, நீ தண்ணீரில் விழுந்து, கால் நம் வலையில் சிக்கிவிட்டது. கடல் தண்ணீர் ஏறுகிற நேரம். வாய்வரைக்கும் வந்துவிட்டது என்றாய். ஓரத்தில் துழாவிக்கொண்டிருந்த கன்னியப்பன் பறியைப் போட்டுவிட்டுச் சேற்றுமேட்டில் ஓடிவந்து, இரண்டு இடத்தில் வலையை அறுத்து உன்னைத் தூக்கியிருக்கிறார். நைனாவிடம் சொல்லாதே, அடிப்பார் என்று நீ அவர் கையைப் பிடித்து அழுதிருக்கிறாய். சொல்ல மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்குக் கொடுத்த வாக்கு. கன்னத்தில் அறை வாங்கியபோதும் அதை அவர் விடவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அவரைத் தேடி ஓடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். ஊர் முன்னால் அப்படிப் பேசியாகிவிட்டது. பஞ்சாயத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த வாரம்தான் பேச்சு அடிபட்டது. இப்போது போய், என் பையனைக் காப்பாற்றத்தான் அவர் அறுத்தார், நான் உளறிவிட்டேன் என்றால்? நான் உன் வாயில் விரலை வைத்தேன். "சேத்துக்காரன் கத முடிஞ்சிபோச்சிடா. கப்பல் கெளம்பிடுச்சி. நீ தூங்கு" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "கதைல அவன் செத்துட்டான் நைனா. இவுருதான் சாகலியே?" என்றாய்.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட" என்றேன். நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ என்னைக் கதை படிக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. வளர்ந்துவிட்டான், விளையாட்டில் கவனம் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். என்னையும் அப்படியே நம்ப வைத்துக்கொண்டேன். அந்த எட்டுக் குடும்பமும் ஆரம்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பஸ், பொன்னேரியிலிருந்து ஒரு ரயில், அவ்வளவு தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு இருபத்தேழு வருடம் ஆனது.

யாழினிக்கு இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டலாமா என்று கேட்டால், படித்துக் காட்டு என்றுதான் சொல்வேன். பழைய புத்தகத்தில் தப்புத் தப்பாக இருக்கும், பார்த்துக் கொடுங்கள் என்று உன் மனைவி போனில் சொன்னாள். அவள் சொல்வது சரி. ஆனால் இதை மறைத்துவிட்டால், எனக்கு நடந்தது யாழினிக்கு நடக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவள் வேறு ஏதாவது ஒரு கப்பலில் ஏறி நின்றுகொள்வாள். புயலைக் குரலை ஏற்றிப் படி. மூன்று வரியில் அவனைச் சுடுகிற இடம் வரும்போது நிறுத்து. அவள் ஏதாவது கேட்பாள். நீயும் அன்று கேட்டாய், "வழி காட்டினவன ஏன் நைனா சுட்டான்?" என்று. "அது கதைடா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். நீ அப்படித் திருப்பாதே. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு அவளோடு சும்மா உட்கார்ந்திரு.

படித்து முடித்த அன்றைக்கே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தினி வருசமா இத்த வயித்துல வச்சிக்கினு எப்பிடியா சோறு துன்ன?" என்றாள். பிறகு, "என் புள்ளைய தூக்கிக் குடுத்த மனுசன் எந்தத் தெசைல இருக்காருனுகூடக் கேக்காம இருந்துட்டனே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்றேன். "கன்னியப்பன்" என்றாள். அவர் மனைவி லட்சுமியோடு அவள் தண்ணீர்க் குழாயடியில் பேசுவாளாம். எனக்கு அந்தப் பெயரைச் சொன்னது அவள்தான். இந்தக் கடிதத்தில் ஆரம்பத்திலிருந்து ரொம்ப நாள் பழகியவன் போல எழுதிக்கொண்டு வருகிறேனே, அது போன மாதம் தெரிந்துகொண்ட பெயர்.

ஆரம்பாக்கத்தில் இறங்கி, விசாரித்து, ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். லட்சுமி தவறிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் தோப்புக்குக் காவல் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று இடுப்பில் இருந்த குழந்தை செல்வி, இப்போது அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பையன் மூன்றாம் நாளே சொல்லிவிட்டான், நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். அழுதேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கேட்டார், "இத்த எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"வலைய அறுத்தது நானு. எதுக்கு அறுத்தேன்னு எனுக்குத் தெரியாதா? தெரியாதவங்க அங்க இருக்காங்க. அவுங்ககிட்டப் போயி சொல்லுங்க" என்றார்.

செல்வி இன்னும் நேராகக் கேட்டாள். "எங்கம்மா சாவுற வரிக்கும் அந்த ஏரிப் பக்கம் திரும்பிப் பாக்கல சார். நீங்க நாப்பது பேருக்கு முன்னாடி பேசுனீங்க. இங்க வந்து ரெண்டு பேருகிட்ட அழுதுட்டுப் போனா சரியாயிடுமா?" அவள் குரலை உயர்த்தவில்லை. குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் அந்த ரயிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அன்று கை தட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களில் ஒருவர், "கெழவனுக்கு இன்னா ஆச்சு? செத்துப்போன விசயத்த எதுக்கு இப்ப கெளப்புற?" என்று சத்தம் போட்டார். நான் முழுக்கச் சொல்லி முடித்தேன். உன் பெயரையும் சொன்னேன், காய்ச்சலையும் சொன்னேன், உன் வாயில் விரல் வைத்ததையும் சொன்னேன். பிறகு உன்னோடு படித்த வேலுவின் தம்பி கேட்டான், "அப்ப அந்தக் கரைல அவுங்க எறங்கக் கூடாதுன்னு வச்சிருக்கமே, அது?"

"அது வேற, இது வேற" என்றார் தலைவர்.

"வேற இல்ல" என்றேன். "அதுக்குக் காரணமே என் வாய்தான். அந்தப் பேச்ச எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இல்ல."

அன்று முடிவாகவில்லை. சண்டை வந்தது. என்னைப் பஞ்சாயத்திலிருந்து நீக்கினார்கள். நீக்கியதில் நியாயம் இருக்கிறது, நான் உள்ளே வந்ததே அந்தப் பேச்சால்தான். அடுத்த கூட்டத்துக்கு உன் அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார்கள். "எம்புள்ள உசுரோட இருக்கான். அவன் உசுருக்கு இன்னா பதில் சொல்றீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். மூன்றாவது கூட்டத்தில்தான் தடையை எடுத்தார்கள். மேற்குக் கரையில் கையால் துழாவிப் பிடிக்க அவர்களுக்கு எப்போதும் உரிமை உண்டு, யாரும் தடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது. டீக்கடையில் நான் போனால் சிலர் எழுந்து போகிறார்கள்.

செல்விக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் காலையில் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்து தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா பாக்குற பெரியவரே? நவுந்து போ, நெழலு விழுது" என்றாள். நகர்ந்து வந்துவிட்டேன். கன்னியப்பன் வரவில்லை. "அப்பா வர மாட்டாரு. வரணும்னு கேக்காதீங்க" என்று செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் கேட்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. இத்தனை வருடத்தில் நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ஏரிக்கரைக்கு வர மாட்டாய். தண்ணீர் பிடிக்கவில்லை என்பாய். பக்கத்தில் உட்கார்ந்தாலும் என்னிடம் ஏதோ ஒரு எட்டுத் தள்ளியே இருப்பாய். பட்டணத்து வேலை, பட்டணத்துப் பழக்கம் என்று நினைத்தேன். எட்டுக் குடும்பம் தன்னால் போனது என்று நீ ஒன்பது வயதிலிருந்து சுமந்துகொண்டிருந்தால், பாபு, அதை இறக்கி வை. கட்டையை எடுத்துக்கொண்டு போனது பிள்ளை விளையாட்டு. பயந்தது பிள்ளைப் பயம். மூன்றாம் நாளே நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம்தான் சொன்னாய். அதை வாங்கி மூடி வைத்தது நான். அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் உன்னுடையது இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்று அன்று நான் வாங்கிய வார்த்தையை இன்று திருப்பித் தருகிறேன். இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். முதலில் யாழினியிடம் சொல்.

உன்
நைனா